நொண்டிக் குதிரைக்கு நிலம் கொடுத்த ராணி

இதைச் சொல்வது நான். எழுதுவது என் மனைவி. நூறு சரித்திர நாவல்களும் இப்படித்தான் வந்தன. அட்டையில் என் பெயரும் மீசையும் இருக்கும். உள்ளே எழுத்துப்பிழை இல்லையென்றால் அது அவள் வேலை, கதையில் ஏதாவது உதைத்தால் அது என் வேலை. நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். முயற்சி செய்யாமல் இல்லை. மூன்று தடவை ஓடிவந்து தாண்டப் பார்த்தேன். மூன்று தடவையும் கணக்கு வாத்தியார் குறுக்கே நின்றார்.

கிண்டி ரேஸ் கோர்ஸ் லாயத்தில் குதிரை தேய்ப்பதுதான் என் தொழிலாக இருந்தது. விடியற்காலை வேலை. ஒன்பது மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவேன். மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம், இன்னும் அங்கேதான் இருக்கிறோம். என் மனைவி தி.நகரில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் விற்பனைப் பெண். தினமும் 5பி பஸ்ஸில் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவேன். பஸ்ஸில் சும்மா உட்கார்ந்தால் எனக்கு வாய் நமநமக்கும். அதனால் அவளுக்குக் கதை விடுவேன். எல்லாம் குதிரைக் கதை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் அதைக் கடைப் பெண்களுக்குச் சொல்வாள். குதிரையின் மேல் யாராவது உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்குமே என்று அவர்கள் கேட்டதால் ஒரு ராஜாவை ஏற்றிவைத்தாளாம். ராஜா வந்த பிறகு ராணி வராமல் இருப்பாளா?

கடை முதலாளி தென்காசிப் பக்கத்து அண்ணாச்சி. கடையோடு சேர்த்து மாதம் ஒரு சரித்திர நாவலும் போட்டுக்கொண்டிருந்தார். இலக்கிய ஆசை என்று சொல்வார். அட்டையில் ராணி கட்டியிருக்கும் சேலை அந்த மாதம் முழுவதும் கடை வாசலில் பொம்மைமேல் இருக்கும். பல்லவ ராணிக்கு சாஃப்ட் சில்க் கட்டிவிட்டதில் மனம் உடைந்து, அதுவரை எழுதிக்கொண்டிருந்த பெரிய மனிதர் விலகிப் போய்விட்டார். அண்ணாச்சி ஆள் தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் சாப்பாட்டு அறையிலிருந்து கதை அவர் காதில் விழுந்திருக்கிறது.

“ஏம்மா, இந்தக் கதைய ஒனக்கு யாரு சொன்னா?”

“எங்க வூட்டுக்காரரு, அண்ணாச்சி.”

“என்ன படிச்சிருக்காரு?”

“குதிர தேய்க்கிறாரு.”

“அது போதும். படிச்சவனுவ எல்லாம் வந்து என் உசுர வாங்குதானுவ. நாளைக்கு வரச் சொல்லு.”

நான் எழுத்தாளன் ஆனது இவ்வளவுதான். இதைவிடக் கஷ்டப்பட்டு ஆனேன் என்று மேடைகளில் சொல்லியிருக்கிறேன். அதை நம்பாதீர்கள்.

சரித்திரம் எனக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். லாயம் தெரியும். குதிரை வைத்திருக்கும் பணக்காரர் ராஜா. அவருக்கு ஓயாமல் நம்பிக்கை கொடுத்துக்கொண்டே இருக்கும் டிரெயினர் மந்திரி. ஜாக்கி இளவரசன், பந்தயப் பணம் வாங்கும் புக்கி ஒற்றன். இவர்களை வைத்து எத்தனை ராஜ்ஜியம் வேண்டுமானாலும் கவிழ்க்கலாம். போர்க்களம் வேண்டுமென்றால் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் போய் நிற்பேன். கடற்போருக்கு நொச்சிக்குப்பம். அங்கே மீன் விலையைக் குறைத்துக் கேட்டுவிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் அப்படியே எதிரி நாட்டுக் கடற்படைத் தளபதியின் வசனமாக வந்திருக்கிறது. அந்தப்புரச் சண்டைகள் என் மனைவியின் பொறுப்பு. ஒரே சேலைக்கு இரண்டு நாத்தனார்கள் கை வைப்பதை தினமும் பார்க்கிறவளுக்கு ராணிகளைப் பற்றி வேறு ஆராய்ச்சி எதற்கு? கதை எங்காவது முட்டிக்கொண்டால் ஒரு சுரங்கப்பாதை திறப்பேன். நான் தோண்டிய சுரங்கங்களையெல்லாம் சேர்த்தால் மெட்ரோ ரயில் வேலை எப்போதோ முடிந்திருக்கும்.

அவள் எழுதியது பஸ்ஸில்தான். சேலை வைத்துவரும் அட்டைப்பெட்டியின் மூடியை மடியில் வைத்துக்கொண்டு, அதன் உள்பக்கத்து வெள்ளையில் எழுதுவாள். ஒரு நடைக்கு ஒரு அத்தியாயம், டிராஃபிக் நன்றாக அமைந்தால் இரண்டு.

ஆறு நாவல் வந்த பிறகு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அண்ணாச்சிக்கு ஒரு கடிதம் போட்டார். கதையில் ஆதாரமே இல்லையே, அடிக்குறிப்பு இல்லாமல் இதை எப்படிச் சரித்திரம் என்று ஒப்புக்கொள்வது என்று கேட்டிருந்தார். அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“ஓய், இனிமே பக்கத்துக்கு ஒரு நட்சத்திரம் போடும். கீழ ஆதாரம் குடும்.”

“ஆதாரத்துக்கு நான் எங்க போவேன் அண்ணாச்சி?”

“கல்வெட்டுன்னு போட்டு ஒரு நம்பரப் போடும். எவம் போய்ப் பாக்கப் போறான்?”

மறுநாள் பஸ்ஸில் நான் சொல்லிக்கொண்டே வர, அவள் ஒரு வாக்கியத்தில் நட்சத்திரம் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“நம்பர் சொல்லுய்யா.”

பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்கு வேறு என்ன நம்பர் தெரியும்? பக்கத்தில் ஒரு 29சி போய்க்கொண்டிருந்தது. சொன்னேன், எழுதினாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. சோழர்களுக்கு 12பி, பாண்டியர்கள் தூரத்துக்காரர்கள் என்பதால் 21ஜி. நான் சத்தியமாக ஒரு வாரத்தில் மாட்டிக்கொள்வேன் என்று நினைத்தேன். பஸ்ஸில் போகிற ஊர்தானே இது! ஒருவர்கூடக் கேட்கவில்லை. தலைமையாசிரியரிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. ‘இப்போதுதான் நிறைவாக இருக்கிறது’ என்று எழுதியிருந்தார்.

பதினைந்தாவது நாவலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் என் கையில் ஒரு பெண் குதிரை இருந்தது. பெயர் வேண்டாம். ஒரு சனிக்கிழமை மூன்றாவது ரேஸில் வளைவில் திரும்பும்போது கால் ஒடிந்தது. அப்படி ஒடிந்தால் குதிரைக்கு வைத்தியம் கிடையாது. பச்சைத் துணியைச் சுற்றிலும் மறைப்பாகப் பிடிப்பார்கள், டாக்டர் ஊசியோடு உள்ளே போவார். துணியின் ஒரு முனையை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை பஸ்ஸில் எனக்குக் கதை வரவில்லை. மூன்று ஸ்டாப் தாண்டி, ஒரு ராணி இருந்தாள் என்று ஆரம்பித்தேன். போரில் கால் ஒடிந்து திரும்பிய குதிரைகளை யாரும் கொல்லக் கூடாது என்று அவள் உத்தரவு போட்டாள்; அவை சாகும்வரை கொள்ளுத் தின்ன இருபது வேலி நிலம் எழுதிவைத்தாள். மனைவி எழுதினாள். தானம் கொடுத்த வாசகத்தைப் பழைய தமிழில் அவளே ஜோடித்தாள். கடைசியில் நட்சத்திரம் போட்டு, என்னைக் கேட்காமலே கீழே எழுதினாள்: ‘மாம்பலம் ஏரியில் கிடைத்த கல்வெட்டு, எண் 5பி.’ மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் தி.நகரே கட்டினார்கள் என்று அண்ணாச்சி சொல்லிக் கேட்டிருந்தாளாம்.

அதற்குப் பிறகு நான் லாயத்துக்குப் போகவில்லை. முழுநேர எழுத்தாளன் ஆகிவிட்டேன். மாதம் ஒன்று என்று தவறாமல் வந்தது. தொண்ணூற்றொன்பது முடிந்தபோது, நூறாவது நாவலை மயிலாப்பூரில் ஒரு சபாவில் வெளியிட்டு எனக்கு ‘சரித்திரச் சக்கரவர்த்தி’ பட்டம் கொடுக்கப்போவதாக அண்ணாச்சி அறிவித்தார். மேடை, மாலை, சால்வை எல்லாம் அவருடைய ஏற்பாடு. சால்வை கடையில் விற்காமல் கிடந்தது.

அந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பெண் எங்கள் வீட்டைத் தேடி வந்தாள். நாற்பது வயது இருக்கும். வடக்கு மாடவீதிக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பம். அடையாறு பக்கம் ஒரு கல்லூரியில் பதினோரு வருடமாகத் தற்காலிக ஆசிரியை. கையில் செங்கல் கனத்துக்கு ஒரு ஆராய்ச்சிப் புத்தகம். ராணிகள் கொடுத்த தானங்களைப் பற்றி டாக்டர் பட்டத்துக்காக எழுதியது. அதைத் திறந்து மூன்றாம் அத்தியாயத்தைக் காட்டினாள். நடுநாயகமாக நின்றுகொண்டிருந்தது மாம்பலம் ஏரிக் கல்வெட்டு, எண் 5பி.

“இது எப்படி இதுல வந்துது?” என்றேன்.

என் நாவலிலிருந்து அதை ஒரு கும்பாபிஷேக மலரில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். மலரிலிருந்து ஒரு பேராசிரியர் தன் கட்டுரையில் எடுத்திருக்கிறார். பேராசிரியர் எழுதிய பிறகு அது சரித்திரம்தானே? கட்டுரையிலிருந்து இவள் எடுத்திருக்கிறாள். இப்போது வெளியூர்த் தேர்வாளர் ஒருவர், அந்தக் கல் எங்கே இருக்கிறது, நேரில் பார்த்தீர்களா என்று எழுதிக் கேட்டிருக்கிறார். அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வு. அதற்குள் பதில் வேண்டும்.

“பட்டம் வந்துட்டா வேலைய நிரந்தரம் பண்ணிடுவா மாமா. வரலேன்னா ஜூன்லேர்ந்து வேற ஆளைப் போட்டுடுவா. ரெண்டு வருஷமா இந்தக் கல்லைத் தேடிண்டிருக்கேன். எந்தத் தொகுப்புலயும் இந்த நம்பர் இல்லை. நீங்க எங்க பார்த்தேள்னு மட்டும் சொல்லுங்கோ, போறும்.”

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். வாய் திறந்தால் கதைதான் வரும் என்று பழகிப்போன உடம்பு.

“அது வந்தும்மா, அண்ணாச்சி கடைக்கு அஸ்திவாரம் தோண்டும்போது வந்த கல்லு. நான் கண்ணால பாத்தேன். ஒரு மேஸ்திரி தூக்கினு போய்ட்டாரு. பாலவாக்கம் பக்கம்.”

“மேஸ்திரி பேரு?”

“உசுரோட கீறாரோ இல்லியோ, பாவம்.”

கும்பிட்டுவிட்டுப் போனாள். என் மனைவி காபி டம்ளரை எடுத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். தப்பித்துவிட்டேன் என்றுதான் நான் நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் என் போனுக்குப் படங்கள் வர ஆரம்பித்தன. பாலவாக்கத்தில் இருக்கும் கல்லையெல்லாம் அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தாள். முதலில் ஒரு துணி துவைக்கும் கல். ‘இதுவா மாமா?’ அப்புறம் ஒரு ஆட்டுக்கல். ‘பின்னாடி ஏதோ கோடு தெரியறது.’ அப்புறம் ஒரு வீட்டு வாசற்படி. அடுத்ததில் மீன் காயவைத்த பலகைக்கு முட்டுக்கொடுத்த கல், கூடவே கோபமாக ஒரு பூனை. ‘மூணு தெரு முடிச்சுட்டேன். நாளைக்குக் கடற்கரை ஓரம் பார்க்கறேன்.’ மூன்று நாள் வெயிலில் போயிருக்கிறாள். கடைசிப் படத்தில் கல்லின் மேல் அவளுடைய நிழலும் குடையும் விழுந்திருந்தன.

மனைவி போனை வாங்கி எல்லாவற்றையும் பார்த்தாள். பேனாவை மூடி டப்பாவில் போட்டாள்.

“இன்னாம்மே?”

“அந்தப் பொண்ணான்ட உண்மைய சொல்லு. அப்பால எழுதுறேன்.”

“நூறாவது புக்குமே! கடைசி அத்தியாயம்! இளவரசன் கோட்டைச் செவுத்துல கயித்தப் புடிச்சினு தொங்கிக்கினு கீறான்!”

“தொங்கட்டும்.”

தொங்கினான். ஒன்பது நாள் ஆகியும் தொங்கினான். அண்ணாச்சி தினமும் போன் செய்து, “ஓய், எறங்கிட்டானா?” என்று கேட்பார். நானே எழுதிவிடலாம் என்று ஒரு அட்டையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ‘இளவரசன்’ என்று எழுதுவதற்குள் பஸ்ஸே தி.நகர் போய்ச் சேர்ந்துவிடும். எழுதியதைப் பார்த்த மனைவி, இது இளவரசனா இல்லை எலிப்பொறியா என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

பத்தாம் நாள் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். கல்லைக் காட்டுகிறேன், குளத்து ஸ்டாப்புக்கு வாம்மா என்றேன். நோட்டு, பேனா, அளவு நாடா, கல்வெட்டைப் படி எடுக்கும் தாள் எல்லாவற்றோடும் வந்து நின்றாள். என் மனைவியும் கூட வந்திருந்தாள், நான் பாதியில் ஓடிவிடக் கூடாதே என்று. வெயிலில் கால் மணி நேரம் நின்றோம்.

“மேஸ்திரி பஸ்ல வராரா மாமா?”

நான் பதில் சொல்வதற்குள் பஸ் திரும்பி வந்து எங்கள் முன்னால் நின்றது. நெற்றியில் பெரிதாக 5பி.

“அதாம்மா” என்றேன்.

“எது?”

“ஒன் கல்வெட்டு.”

பஸ்ஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு மறுபடி பஸ்ஸை. கண்டக்டர் ஏறுங்க ஏறுங்க என்று கத்தினார். மூவரும் ஏறினோம். பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்பதால் என் பாவத்துக்கு நான் மட்டும் காசு கொடுத்தேன். ஆழ்வார்பேட்டை வரைக்கும் அந்தப் பெண் எதிரே வரும் பஸ்களின் நம்பரையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அளவு நாடா மடியில் சுருண்டு கிடந்தது.

“ஸ்கூல் படிக்கறச்சேலேர்ந்து நான் இந்த பஸ்லதான் போயிண்டிருக்கேன்” என்றாள் கடைசியில். “இதுலயே ஒக்காந்துண்டு இந்த நம்பரை எத்தனை லைப்ரரிக்குப் போய்த் தேடியிருக்கேன்! என்னைவிட அசடு ஒருத்தி இருப்பாளா மாமி?”

“நீ இன்னாம்மா அசடு? எழுதுனவ நானு” என்றாள் என் மனைவி. “இவுரு வாயாலயே சொல்லணும்னுதான் பத்து நாளா கம்முனு இருந்தேன். ஒன்ன அலையவுட்டது என் தப்புதான்.”

பனகல் பார்க் வருவதற்குள் அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதுவே சிரிப்பாகி, சிரித்து முடித்ததும் ஆராய்ச்சிக்காரியாகிவிட்டாள்.

“மாமா, நீங்க தேர்வுக்கு வரணும். யாரு வேணும்னாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேக்கலாம், அது வழக்கம்தான். அந்தப் பகுதிய நான் மாத்தி எழுதிடறேன். ஆனா இது இல்லவே இல்லைன்னு நான் சொன்னா பேராசிரியர் ஒத்துக்க மாட்டார். அவர் கட்டுரைல போட்டுட்டாரே. அவர்தான் அன்னிக்குத் தலைமை. நீங்க எழுந்து நின்னு சொல்லணும்.”

தேர்வு புதன்கிழமை. எனக்குப் பட்டம் கொடுக்கும் விழா அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை.

அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். “ஓய், ஒமக்கு என்ன பைத்தியமா புடிச்சிருக்கு? தொண்ணூத்தொம்போது புக்குலயும் ‘ஆதாரபூர்வமான’ன்னு அட்டையில அடிச்சிருக்கேன். நீரு போய் பஸ் நம்பரும்பீரு, நாளைக்கு எவன் வே நம்ம புக்க வாங்குவான்?”

“அந்தப் பொண்ணு வேல போய்டும் அண்ணாச்சி.”

“ஒம்ம பட்டம் போயிரும்.”

“அந்தப் பொண்ணு பட்டம் படிச்சு வாங்குறது. என்னுது நீங்க சால்வயோட சேத்துக் குடுக்குறது.”

இதை நான் துணிச்சலாகச் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். தேர்வில் எழுந்து நின்று சொன்ன பிறகுதான் எழுதுவேன் என்று மனைவி சொல்லிவிட்டாள்; வீட்டில் பேனா டப்பாவுக்குள் இருந்தது, இளவரசன் இன்னும் கயிற்றில் இருந்தான். அந்தத் துணிச்சல்தான்.

புதன்கிழமை கல்லூரி அரங்கில் நாற்பது பேர் இருந்தார்கள். பாதிப்பேர் பின் வரிசையில் சமோசா வாசனை வரும் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் பேராசிரியரும், பக்கத்தில் கேள்வி எழுதிய வெளியூர்த் தேர்வாளரும். ஒல்லியான வயதான அம்மாள் அவர், மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடியைத் தூக்கிவிட்டிருந்தார். அந்தப் பெண் எல்லாவற்றையும் நன்றாகச் சொன்னாள். மூன்றாம் அத்தியாயம் வந்ததும் நேராகச் சொல்லிவிட்டாள்: 5பி எண் கல்வெட்டு என்று ஒன்று கிடையாது, அது ஒரு நாவலில் வந்த கற்பனை.

பேராசிரியர் நிமிர்ந்தார். “இல்லை என்பதற்கு என்ன ஆதாரம்?”

நான் கை தூக்கினேன். எழுந்து நின்றேன். பள்ளிக்கூடத்தில் கடைசியாக எழுந்து நின்றது கணக்கு வாத்தியார் முன்னால். “சார், அது நான் எழுதுனது. பஸ் நம்பர் சார்.”

அரங்கம் சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை.

“ஐயா எதுவரைக்கும் படித்திருக்கிறீர்கள்?”

“அஞ்சாவது சார். அதுவும் முழுசா இல்ல.”

“பார்த்தீர்களா?” என்று அவர் சபையைப் பார்த்துக் கையை விரித்தார். “அந்தக் கல்வெட்டு வாசகத்தின் நடை பதினோராம் நூற்றாண்டு நடை. ஐந்தாம் வகுப்பு படித்தவரால் அதைக் கற்பனை செய்ய முடியுமா? இவர் எங்கேயோ அசலைப் பார்த்திருக்கிறார், மறந்துவிட்டார். அந்தக் கல்லை என் இளமையில் நானே தடவிப் பார்த்ததாக ஒரு ஞாபகம் எனக்கே இருக்கிறது!”

நான் எழுதியதாகச் சொன்ன கல்வெட்டை நான் எழுதியிருக்கவே முடியாது என்று என்னிடமே நிரூபித்துவிட்டார். அவர் பேசியதில் எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது. அந்தப் பெண்ணைப் பார்த்தேன். மேஜையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நிரூபிக்கவில்லை என்று தேர்வாளர்கள் எழுதிவிட்டால் பட்டத்துக்கு இன்னும் ஒரு வருடம். அதற்குள் ஜூன் வந்துவிடும்.

அப்போது என் பக்கத்து நாற்காலி பின்னால் நகர்ந்தது. என் மனைவி எழுந்துவிட்டாள்.

“அந்த நடை என்னுது சார். பத்தாவது பாஸு. தமிழ்ல தொண்ணூத்தி ரெண்டு.”

கையில் துணிப்பை வைத்திருந்தாள். அதிலிருந்து மஞ்சளாகிப்போன ஒரு சேலைப்பெட்டி மூடியை எடுத்தாள். இதையெல்லாம் அவள் எடுத்துவைத்திருப்பது எனக்குத் தெரியாது. பரணில் கரப்பான்பூச்சிதான் குடும்பம் நடத்துகிறது என்று நினைத்திருந்தேன். நேராக மேடைக்குப் போய், பேராசிரியரைத் தாண்டி, வெளியூர் அம்மாளிடம் கொடுத்தாள். மூடியின் உள்பக்கம் முழுவதும் அந்த அத்தியாயம். இருபது வேலி நிலம் மூன்று தடவை அடித்து எழுதப்பட்டிருந்தது. முதலில் பத்து வேலிதான் கொடுத்திருந்தோம். கீழே நட்சத்திரம். அதன் பக்கத்தில் குண்டூசியால் குத்திய ஒரு பஸ் டிக்கெட்.

அந்த அம்மாள் இரண்டாவது கண்ணாடியையும் இறக்கிக்கொண்டார். கைப்பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். டிக்கெட் மெஷினில் அடித்தது, மை வெளுத்துப்போயிருந்தது. அதை வெளிச்சத்தில் சாய்த்து, திருப்பி, கல்வெட்டைப் படிப்பதுபோல் எழுத்தெழுத்தாகப் படித்தார்.

“எழுத்துகள் சிதைஞ்சிருக்கு” என்றார். பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஆனா எண் தெளிவா இருக்கு. ஐந்து, பி. அடியில... மயிலாப்பூர். இதைவிட மூல ஆதாரம் என்ன வேணும்?” பிறகு பேராசிரியரிடம் திரும்பி, “உங்க கட்டுரையில இருக்கறது பஸ்தான் சார்” என்றார்.

பட்டம் வழங்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேராசிரியரும் போட்டார், சமோசா ஆறிக்கொண்டிருந்ததால். அந்தப் பெண் மேடையிலேயே என் மனைவியைக் கட்டிக்கொண்டாள். டிக்கெட்டை ஆராய்ச்சியோடு இணைக்க வேண்டும் என்று கேட்டாள்.

“ஜெராக்ஸ் எடுத்துக்கோ கண்ணு. இது வூட்ல இருக்கட்டும்.”

பேராசிரியர் தட்டோடு என்னிடம் வந்தார். கோபமாக வருகிறார் என்று ஒதுங்கினேன். தோளில் கை வைத்து, குரலைத் தாழ்த்தி, “அந்த அம்மா சொல்றது இருக்கட்டும். நீங்க எதுக்கும் மாம்பலம் பக்கம் ஒருதடவை தேடிப் பாருங்க. அந்தச் சேலைக் கடைக்கு அடியில இருக்கணும்” என்றார்.

“தேடுறேன் சார்” என்றேன். வேறு என்ன சொல்ல?

இதை அவர் அண்ணாச்சியிடமும் போய்ச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை விழா நடந்தது, சால்வையும் கிடைத்தது. பட்டத்தில் ‘சரித்திர’த்தை எடுத்துவிட்டு ‘கதைச் சக்கரவர்த்தி’ ஆக்கியிருந்தார்கள். கடையின் கீழ்த்தளத்தில், தள்ளுபடிச் சேலைகளுக்கு மேலே, இப்போது ஒரு பலகை தொங்குகிறது: ‘ராணி நிலம் கொடுத்த இடம்.’ ஆதாரம் கேட்டால் பேராசிரியர் இருக்கிறார்.

புதன்கிழமைக்குத் திரும்புகிறேன். தேர்வு முடிந்து, அண்ணாச்சிக்குத் தகவல் சொல்ல அந்தப் பெண்ணும் எங்களோடு தி.நகர் வந்தாள். பச்சைத் துணி பிடித்த அந்தச் சனிக்கிழமையைப் பற்றிப் போகிற வழியில் என் மனைவி அவளிடம் சொல்லியிருந்தாள். திரும்பும்போது 5பி. என் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து பேனாவைத் திறந்து, இளவரசனை இறக்கு என்றாள். இறக்க ஆரம்பித்தேன். முன் சீட்டிலிருந்து அந்தப் பெண் திரும்பினாள். நோட்டு கையில் இருந்தது.

“மாமா, அந்தக் குதிரைக்கு என்ன வயசு?”

“ஆறு” என்றேன். “செம்பழுப்பு. நெத்தியில வெள்ளை. வலது முன்னங்காலு.”

குனிந்து எழுதிக்கொண்டாள். என் மனைவி இளவரசனைக் கயிற்றிலேயே விட்டுவிட்டு, அவளும் எழுதிக்கொண்டாள்.